அயல்மண்ணில் அண்ணல் அம்பேத்கர்

வீட்டை விட்டுத் தொலைவில் தங்கிப் பயிலும் மாணவனுக்குத் தொடக்க நாட்கள் துன்பம் மிக்கவை. தாயின் முகமும் வீட்டுச் சோறும் நினைவில் எழுந்து அவனை வாட்டும். பிறந்த மண்ணிலேயே ஒதுக்கி வைக்கப்பட்ட ஒருவன் அயல்நாட்டில் எதை எண்ணி ஏங்குவான்? அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கை இதற்கு விடை கூறுகிறது.

1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் மாவ் என்னும் படைநகரில் அண்ணல் பிறந்தார். பள்ளியில் மற்ற மாணவரினின்று விலகி, வீட்டிலிருந்து கொண்டுசென்ற சாக்கின்மீது அமர்ந்தே பயின்றார். தண்ணீர்க் குழாயைத் தம் கையால் தொடவும் அவருக்கு உரிமை இல்லை. அத்தகைய இளமையைக் கடந்து, 1912இல் பம்பாயில் பி.ஏ. பட்டம் பெற்றார். மறு ஆண்டு பிப்ரவரித் திங்களில் தந்தையார் இராம்ஜி மறைந்தார். அத்துயர் ஆறுமுன்பே, பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் அளித்த உதவித்தொகையுடன், துணைவியார் இரமாபாயையும் கைக்குழந்தை யஷ்வந்தையும் பிரிந்து, 1913இல் நியூயார்க் நகரை அடைந்தார். அப்போது அவருக்கு வயது 22.

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவர் கண்டது புதியதோர் உலகம். ஒரே மேசையில் உண்ணவும் ஒரே விடுதியில் உறங்கவும் அங்கே அவருடைய சாதியை எவரும் கேட்கவில்லை. நவல் பதேனா என்னும் பார்சி மாணவர் நண்பராக வாய்த்தார். அந்நட்பு இறுதிவரை நிலைத்தது. பேராசிரியர் செலிக்மன், ஜான் டூயி ஆகியோரிடம் பயின்றார். 1915இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். 1916ஆம் ஆண்டு மே மாதம் இந்தியச் சாதிகளைப் பற்றிய ஆய்வுரையை மாணவர் கருத்தரங்கில் படித்தார். தம் மக்களின் துயரம் கடல் கடந்தும் அவர் உள்ளத்தை விட்டு நீங்கவில்லை என்பதற்கு அவ்வுரையே சான்று.

அவ்வாண்டே இலண்டன் சென்று பொருளியலும் சட்டமும் பயிலத் தொடங்கினார். உதவித்தொகைக் காலம் முடிந்தமையால் 1917இல் நாடு திரும்ப நேர்ந்தது. பரோடா அரசுப் பணிக்குச் சென்றவருக்கு அந்நகரில் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. சாதியை மறைத்துப் பார்சி விடுதி ஒன்றில் தங்கினார். சில நாட்களில் தடியேந்திய கூட்டம் வந்து அவரை வெளியேற்றியது. நியூயார்க்கிலும் இலண்டனிலும் அறை கிடைத்த அறிஞருக்குத் தாய்நாட்டில் தலைசாய்க்க இடமில்லை. வெளிநாட்டு வாழ்வில் ஆறியிருந்த புண் மீண்டும் திறந்தது.

எனினும் அவர் மனம் தளரவில்லை. பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகப் பணியாற்றிச் சேர்த்த பணமும், கோலாப்பூர் மன்னர் சாகு மகராசரின் உதவியும், நண்பர் பதேனா தந்த கடனும் துணைநிற்க, 1920இல் மீண்டும் இலண்டன் சென்றார். வயிறாரும் உணவுக்கும் வழியற்ற நிலையில், பிரிட்டிஷ் அருங்காட்சியக நூலகத்தில் பகலெல்லாம் அமர்ந்து படித்தார். நாட்டில் இரமாபாய் அம்மையார் வறுமையோடு போராடிக் குடும்பம் காத்தார். அவ்வம்மையாரின் தியாகத்தை மறந்து அண்ணலின் பட்டங்களைப் போற்றுதல் முறையாகாது. பாரிஸ்டராகி, 1923இல் டி.எஸ்சி. பட்டமும் பெற்றார்.

தாயகம் திரும்பிய அண்ணல் 1924இல் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையை நிறுவினார். அச்சபை அடுத்த ஆண்டில் சோலாப்பூரில் ஒடுக்கப்பட்ட மாணவர்க்கென விடுதி ஒன்றைத் திறந்தது. பரோடாவில் உறைவிடம் மறுக்கப்பட்டவர் பிறர் பிள்ளைகளுக்கு உறைவிடம் தேடித் தந்தார். பின்னர் 1945இல் மக்கள் கல்விக் கழகத்தையும், 1946இல் சித்தார்த்தா கல்லூரியையும் தோற்றுவித்தார். 1952இல் கொலம்பியா பல்கலைக்கழகம் தன் பழைய மாணவரை மீண்டும் அழைத்து மதிப்புறு டாக்டர் பட்டம் வழங்கியது. 1956ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள் அண்ணல் மறைந்தார்.

அண்ணல் ஏங்கியது மண்ணுக்காக அன்று. அம்மண்ணில் மனிதராக வாழ முடியாத தம் மக்களுக்காகவே. தொலைதேசத்தில் தனித்திருந்த வேளையில் நட்பும் நூல்களும் அவருக்கு உறவாயின. திரும்பிய பின் சமுதாயமே அவருக்குக் குடும்பமாயிற்று. இன்று வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் செல்லும் நம் பிள்ளைகள் இதனை நெஞ்சில் இருத்துவார்களாக. சென்ற இடத்தில் நல்ல நட்பைத் தேடுங்கள். நூலகத்தை வீடாக்கிக் கொள்ளுங்கள். உங்களுக்குப் பின் வரும் தம்பி தங்கையர்க்கு ஓர் அறைக் கதவையேனும் திறந்து வையுங்கள்.