100 கி.மீ. வேகத்தை முதலில் தாண்டியது எலெக்ட்ரிக் கார்தான்! யார் இந்த 'சிவப்புச் சாத்தான்' ஜெனாட்ஸி?

எலெக்ட்ரிக் கார்னா சத்தமும் இல்லை, கெத்தும் இல்லை என்பது பெட்ரோல் கார் பிரியர்கள் பலரின் குறை. ஆனா, மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை உலகிலேயே முதலில் தாண்டிய கார் பேட்டரியில் ஓடியதுதான். அதுவும் 1899-லேயே! அதை ஓட்டியவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த காமில் ஜெனாட்ஸி.

யார் இவர்?

1868-ல் பிரஸ்ஸல்ஸை ஒட்டிய ஸ்கார்பேக்கில் பிறந்தார். அப்பா ரப்பர் பொருட்கள் தயாரிப்பவர். இன்ஜினீயரிங் படித்த ஜெனாட்ஸி, பாரிஸில் எலெக்ட்ரிக் வண்டிகள் தயாரிக்கும் கம்பெனியைத் தொடங்கினார். செந்நிறத் தாடியும் துணிச்சலான டிரைவிங்கும் சேர்ந்து அவருக்கு 'சிவப்புச் சாத்தான்' என்ற பட்டப்பெயரைத் தந்தன.

அன்றைக்கு நீராவி, பெட்ரோல், மின்சாரம் என மும்முனைப் போட்டி. பெட்ரோல் காரைக் கைப்பிடியைச் சுற்றித்தான் ஸ்டார்ட் பண்ணணும். புகையும் அதிர்வும் வேற. எலெக்ட்ரிக் வண்டியில் அந்தத் தொல்லை இல்லை. அதனால் நகரத்து வாடகை வண்டிகளுக்கு அதுதான் பொருத்தம் எனப் பலர் நம்பினார்கள். யாருடைய வண்டி வேகமானது என்று காட்டுவது கிட்டத்தட்ட ஒரு விளம்பரம்.

நாலே மாதத்தில் நடந்த மல்லுக்கட்டு

1898 டிசம்பரில் பிரெஞ்சு பிரபு காஸ்தோன் த ஷாஸ்லூ-லோபா, ஜான்தோ எலெக்ட்ரிக் காரில் மணிக்கு 63.15 கி.மீ. வேகம் தொட்டார். ஜெனாட்ஸி விடுவாரா? 1899 ஜனவரி 17-ல் பாரிஸுக்கு அருகே ஆஷேரில் 66.66 கி.மீ. எடுத்தார். அதே நாளில் பிரபு 70.31-க்குப் போனார். பத்து நாளில் ஜெனாட்ஸி 80.35. மார்ச்சில் பிரபு 92.78!

இனி சாதாரண வண்டி பத்தாது என்று முடிவு செய்த ஜெனாட்ஸி, வேகத்துக்காகவே ஒரு காரை உருவாக்கினார். பெயர் 'லா ஜமே கோந்தாந்த்'. ஒருபோதும் திருப்தி அடையாதவள் என்று அர்த்தம்.

பார்க்கவே விசித்திரமான கார்

உருவம் அப்படியே டார்பிடோ மாதிரி. அலுமினியம் கலந்த லேசான உலோக உடல், மிஷ்லின் டயர்கள், பின்பக்கம் இரண்டு மோட்டார்கள். கியர் கிடையாது. பேட்டரிகளோடு சேர்த்து எடை சுமார் ஒன்றரை டன். இதுல ஒரு வேடிக்கை: காற்றைக் கிழிக்க உடலைக் கூராக்கியவர்கள், டிரைவரை இடுப்புக்கு மேல் வெளியே தெரியும்படி உட்கார வைத்துவிட்டார்கள்!

1899 ஏப்ரல் 29. ஒரு கிலோமீட்டரை 34 விநாடிகளில் கடந்தார். வேகம் மணிக்கு 105.88 கி.மீ. 1902-ல் லெயோன் செர்போலேயின் நீராவி கார் முறியடிக்கும் வரை அந்தச் சாதனை நின்றது.

அப்புறம் ஏன் தோற்றது?

வேகத்தில் தோற்கவில்லை, தூரத்தில்தான் தோற்றது. கனமான பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும், சார்ஜ் ஏற நேரம் ஆகும். பெட்ரோல் கார் ஊர் விட்டு ஊர் போனது. 1912-ல் கேடிலாக் காரில் எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டர் வந்ததும் கைப்பிடி சுற்றும் தொல்லையும் ஒழிந்தது.

ஜெனாட்ஸியே பெட்ரோல் பக்கம் போய்விட்டார். 1903-ல் அயர்லாந்தில் நடந்த கார்டன் பென்னட் கோப்பை ரேஸுக்கு முன், மெர்சிடிஸின் ரேஸ் கார்கள் ஆலைத் தீவிபத்தில் நாசமாகின. ஒரு வாடிக்கையாளரிடம் இரவல் வாங்கிய 60 குதிரைத்திறன் காரில் ஓட்டி ஜெயித்தார்.

ரேஸில் தப்பியவர், விளையாட்டில் பலி

1913-ல் நண்பர்களுடன் வேட்டைக்குப் போனார். அவர்களைக் கலாய்க்க, புதர் மறைவில் நின்று விலங்கு மாதிரி உறுமினார். நிஜம் என்று நினைத்து நண்பர் ஒருவர் சுட்டுவிட்டார். மெர்சிடிஸ் காரில்தான் தன் சாவு என்று ஜெனாட்ஸி முன்பே சொல்லியிருந்தாராம். மருத்துவமனைக்குக் கொண்டுபோன மெர்சிடிஸிலேயே உயிர் பிரிந்ததாகச் சொல்லப்படுகிறது.

எவ்வளவு தூரம் போகும், சார்ஜ் ஏற எவ்வளவு நேரம் ஆகும்? இன்றைக்கும் எலெக்ட்ரிக் கார் வாங்கப் போகிறவர்கள் கேட்பது இதே இரண்டு கேள்விகளைத்தான். வேகத்தைப் பற்றிய கேள்விக்கு மட்டும் ஜெனாட்ஸி அன்றைக்கே பதில் சொல்லிவிட்டார்.