வருமுன் காத்த வைத்தியர்

பினாங்கு என்னும் பெயர் யாழ்ப்பாணத்தார் செவிக்குப் புதியதன்று. ஆங்கிலேயர் மலாயாவிலே புகையிரதப் பாதைகளையும் அலுவலகங்களையும் பெருக்கிய காலத்தில், எழுதுவினைஞராகவும் நிலைய அதிபராகவும் கடல் கடந்து சென்ற நம்மவர் பலர். அவர்கள் அனுப்பிய பணத்தாற் கட்டப்பெற்ற கல்வீடுகள் எங்கள் கிராமங்களில் இன்றும் நிற்கின்றன. அந்த மலாயாவின் மேற்குக் கரையை அடுத்துள்ள பினாங்குத் தீவிலே பிறந்து, வடசீனத்தின் பனிவெளியிலே ஒரு கொள்ளைநோயைத் தடுத்து நிறுத்திய வைத்தியர் வூ லியென் தே என்பவரின் வரலாற்றை இன்று கூற விழைகின்றேன்.

இவ்வரலாற்றை நான் காலந் தாழ்த்தியே கற்றேன். இலக்கணமும் நிகண்டும் கற்பிப்பதில் ஆண்டுகள் பலவற்றைக் கழித்த எனக்கு, ஒரு வைத்தியரின் வாழ்க்கையாற் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டென்பது முன்னர்த் தோன்றவில்லை. தோன்றியிருப்பின் எனது இல்லத்தில் நேர்ந்த துன்பம் ஒன்று நேராது போயிருக்கலாம். அதனை உரிய இடத்திற் கூறுவேன்.

வூ லியென் தே 1879 ஆம் ஆண்டு பங்குனி மாதம் 10 ஆந் திகதி பிறந்தார். தந்தையார் தென்சீனத்திலிருந்து குடியேறிய பொற்கொல்லர். தாயார் மலாயாவிலேயே பிறந்த சீனப் பெண்மணி. பினாங்கு பிறீ ஸ்கூலிற் கல்வி கற்ற சிறுவர், 1896 இல் மகாராணியார் பெயராலமைந்த புலமைப்பரிசிலைப் பெற்றுக் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தின் இம்மானுவல் கல்லூரியிற் சேர்ந்தார். அப்பல்கலைக்கழகத்தில் வைத்தியம் பயின்ற முதற் சீன வழியினர் இவரே. பின்னர் இலண்டன் சென்ற் மேரீஸ் வைத்தியசாலையிற் பயிற்சி பெற்றார். லிவர்ப்பூல் நகரில், மலேரியா நுளம்பினாற் பரவுவதை நிறுவிய றொனால்ட் றொஸ் என்பவரிடமும், பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் நிலையத்திலும் நுண்கிருமியியல் கற்றார்.

இத்தனை கற்றவர் 1903 இல் தாயகம் மீண்டபோது அவருக்குக் கிடைத்த வரவேற்பு யாது? குடியேற்ற நாட்டு வைத்திய சேவையின் உயர்பதவிகள் ஐரோப்பிய வழிவந்த ஆங்கிலேயர்க்கே உரியன என்பது அக்கால விதி. அறிவில் மேம்பட்டவராயினும் பிறப்பினால் அவர் தகுதியற்றவராயினார். கோலாலம்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் ஓராண்டுக் காலம் பெரிபெரி நோயை ஆராய்ந்தபின், பினாங்கிலே சூலியா தெருவில் தமது சொந்த வைத்திய நிலையத்தைத் தொடங்கினார். தமிழ் முஸ்லிம் வணிகரைக் குறித்த சூலியா என்னும் சொல்லாற் பெயர்பெற்ற தெரு அது.

அங்கும் அவர் பணந் தேடுவதோடு அமையவில்லை. அபின் பழக்கத்தினால் ஏழைக் குடும்பங்கள் அழிவதைக் கண்டு அதனை எதிர்த்து இயக்கம் நடத்தினார். அபின் வரி அரசாங்கத்திற்குப் பெருவருவாய் தந்த காலம் அது. 1907 இல் அவரது வைத்திய நிலையம் சோதனையிடப்பட்டது. மருந்துக்கென வைத்திருந்த சிறிதளவு அபின் கரைசலைக் காரணங்காட்டி வழக்குத் தொடுத்துத் தண்டமும் விதித்தனர். அபினை எதிர்த்தவரே அபின் வைத்திருந்த குற்றவாளியானார்! அவ்வேளையிற் சீன அரசிலிருந்து அழைப்பு வந்தது. 1908 இல் தியென்சின் நகரத்து இராணுவ வைத்தியக் கல்லூரியின் துணைத் தலைவராகச் சென்றார். சீன மரபினராயினும் அரசாங்கச் சீனமொழியில் அவருக்கு அப்பொழுது போதிய பயிற்சியில்லை. வளர்ந்தபின்னரே அதனைக் கற்றார் என்பது மொழியாசிரியனாகிய எனக்கு வியப்பளிக்கும் செய்தி.

1910 ஆம் ஆண்டின் இறுதியில் மஞ்சூரியாவிலே இனந்தெரியாத நோயொன்று பரவலாயிற்று. காய்ச்சலும் இருமலும் தோன்றும். கோழையுடன் இரத்தம் வரும். ஓரிரு நாளில் உயிர் பிரியும். நோயுற்றவர் பிழைத்தார் என்ற செய்தி எங்கும் இல்லை. தர்பகன் என்பது அந்நாட்டுப் புல்வெளியில் வளை தோண்டி வாழும் விலங்கு. அதன் உரோமத்தோலுக்கு ஐரோப்பாவில் விலை உயர்ந்தமையால், வேட்டையில் அனுபவமில்லாத கூலியாட்கள் ஆயிரக்கணக்கிற் புறப்பட்டு, நோயுற்ற விலங்குகளையும் பிடித்து உரித்தனர். குளிருக்கு அஞ்சி நெருக்கமான விடுதிகளில் ஒருவர்மேலொருவராய் உறங்கினர். புத்தாண்டுக்கு ஊர் திரும்பும் அவர்களோடு நோயும் புகையிரதமேறிப் பயணஞ் செய்தது.

அரசின் கட்டளைப்படி வூ லியென் தே ஒரு மாணாக்கரை மட்டுந் துணைக்கொண்டு, மார்கழி மாதம் 24 ஆந் திகதி ஹார்பின் நகரை அடைந்தார். அப்போது அவருக்கு வயது 31. சில நாளில், இறந்த யப்பானியப் பெண்ணொருத்தியின் உடலை மறைவாக அறுத்துச் சோதித்தார். பிணத்தை அறுத்தல் பெருங்குற்றமெனச் சீனர் கருதிய காலமாதலின் மறைவு வேண்டியதாயிற்று. நுணுக்குக்காட்டியின் கீழே பிளேக் நோயின் பற்றீரியம் தெளிவாகத் தெரிந்தது.

ஈண்டுதான் இவ்வரலாற்றின் உயிர்நிலை உள்ளது. பிளேக் கிருமி 1894 இல் ஹொங்கொங்கிலே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. எலியின் உடலிலுள்ள தெள்ளு கடிப்பதனால் அது மனிதரைப் பற்றுமென்பதும் நிறுவப்பட்டிருந்தது. ஆகவே பிளேக் என்றவுடன் எலிகளைக் கொல்லுதலே கற்றோர் அறிந்த மருந்து. வூ லியென் தேயோ, இங்கு எலிகளில் நோயில்லை என்பதையும், ஒரு வீட்டில் ஒருவர் இருமின் அனைவரும் மடிவதையும், கிருமி நுரையீரலில் நிறைந்திருப்பதையும் கண்டார். இந்நோய் மூச்சின் வழியாக மனிதரிலிருந்து மனிதருக்கே நேரே பரவுகின்றது எனத் துணிந்தார். முழுச் சான்றும் கைக்கு வரும்வரை காத்திருப்பின் நகரம் எஞ்சாது. எனவே சல்லாத்துணி மடிப்புகளினிடையே பஞ்சு வைத்து, மூக்கையும் வாயையும் மூடித் தலைக்குப் பின்னே முடியத்தக்க முகக்கவசம் ஒன்றை அமைத்தார். எவரும் மலிவாகச் செய்யக்கூடிய எளிய பொருள் அது. வைத்தியர், ஏவலர், காவலர், நோயாளர் யாவரும் அதனை அணிதல் வேண்டுமென்றார்.

இக்கருத்தை ஏற்க மறுத்தவருள் ஒருவர் பிரெஞ்சு வைத்தியப் பேராசிரியர் மெஸ்னி. தியென்சினிற் பணியாற்றிய அவர் முன்னர்ப் பிளேக் நோயைக் கண்டு அனுபவம் பெற்றவர். வயதிலும் பதவியிலும் மூத்தவர். இளஞ்சீனர் ஒருவர் தமக்குப் புதுப்பாடங் கூறுவதைப் பொறாது கடிந்துகொண்டார். வூ லியென் தே மறுத்து வாதிடாது, தம்மைப் பதவியினின்றும் விடுவிக்குமாறு அரசுக்குத் தந்தியனுப்பினார். அரசு இளையவரையே ஆதரித்தது. மெஸ்னியோ உருசியரின் பிளேக் வைத்தியசாலைக்குச் சென்று, கையுறையும் வெள்ளங்கியும் அணிந்தவராய், முகத்தை மட்டும் மூடாது நோயாளரைப் பரிசோதித்தார். சில நாளிற் காய்ச்சல் கண்டது. 1911 தை மாதம் 11 ஆந் திகதி அவர் காலமானார். அதன்பின்னர் முகக்கவசத்தை நகரத்தில் எவரும் இகழவில்லை.

மெஸ்னியை அறிவிலி என்று கூற என் மனம் ஒருப்படவில்லை. அவர் கற்றவர்; கற்றது பொய்யுமன்று. எலியாற் பரவும் பிளேக்கிற்கு அவர் கொள்கை முற்றும் பொருந்தும். பழைய நோய்க்குரிய மெய்யறிவே புதிய நோயின் முன்னே அவர் கண்ணை மறைத்தது. அவரை நான் இரங்குதற்கு இன்னொரு காரணமும் உண்டு.

2021 ஆம் ஆண்டு, கொவிட் நோய் நம் நாட்டில் ஓரளவு தணிந்துவிட்டதென்று நாங்கள் எண்ணியிருந்த ஒருநாள், நண்பர் ஒருவரின் நூல் வெளியீட்டில் உரையாற்றச் சென்றேன். வாயிலில் நின்ற எனது பழைய மாணவன் முகக்கவசத்தைக் கழற்ற வேண்டாமென்று பணிவாகக் கேட்டுக்கொண்டான். நான் சிரித்துவிட்டுக் கழற்றினேன். ழகர ளகர வேறுபாடு அவையோர்க்குத் தெளிவாகக் கேட்க வேண்டும் என்பது நான் அவனுக்குக் கூறிய காரணம். புகைப்படத்தில் என் முகம் விழவேண்டும் என்பது நான் கூறாத காரணம். நான்காம் நாள் எனக்குக் காய்ச்சல் வந்தது. பின்னர் என் தமக்கையாருக்கு வந்தது. என்னிடமிருந்தே தொற்றியதென நிறுவ இயலாது. ஆயினும் எங்கள் வீட்டிலிருந்து வெளியே சென்று வந்தவன் நான் ஒருவனே. இருவரும் பிழைத்தோம். ஆனால் வெள்ளிதோறும் கோயிலிலே தேவாரப் பதிகத்தை இடையீடின்றிப் பாடிய தமக்கையார், இன்று இரண்டு பாடலுக்கு ஒருமுறை தூணிற் சாய்ந்து மூச்சு வாங்குகிறார். இது எப்பொழுது நீங்குமென்று கேட்டபோது வைத்தியர் ஒரு காலவரையறை கூறவில்லை. புதிய நோயின் இயல்பு அதுவே. வந்த நாளில் அது செய்வது தெரியும்; சென்றபின் எதனை விட்டுச் செல்லும் என்பது தெரியாது.

ஹார்பினுக்கு மீள்வோம். நோய் மிக்கிருந்த பூஜியாதியென் பகுதியை வூ லியென் தே நான்கு கூறாகப் பிரித்து, கூறுதோறும் வேறுவேறு நிறச் சின்னம் வழங்கி, அனுமதியின்றி ஒரு கூற்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லாதவாறு படைவீரரைக் காவல் வைத்தார். வீடுதோறும் நோயாளரைத் தேடினர். அவரோடு பழகியவர்களைத் தனிமைப்படுத்த இடமின்மையால், உருசியரிடம் புகையிரதப் பெட்டிகளை இரவல் வாங்கித் தங்கவைத்தார். புகையிரதப் போக்குவரத்தும் கட்டுப்படுத்தப்பட்டது.

எஞ்சியது இன்னும் கொடிய இடர். நிலம் பாறைபோல் உறைந்திருந்தமையாற் புதைக்கவியலாது, 2,000 க்கும் மேற்பட்ட பிணங்கள் வெட்டவெளியிற் கிடந்தன. எரிப்பதோ, முன்னோரைப் புதைத்து வழிபடும் சீனர் மரபிற்கு மாறானது. மக்களின் மனத்தைப் புண்படுத்துகிறோம் என்பதை அறிந்தே, வூ லியென் தே பேரரசரின் அனுமதியை வேண்டினார். ஊர்ப் பெரியோரை அழைத்துச் சென்று அக்காட்சியைக் கண்ணாற் காணச் செய்தார். அனுமதி கிடைத்தது. சீனப் புத்தாண்டின் மறுநாளாகிய தை 31 ஆந் திகதி மண்ணெண்ணெய் ஊற்றி அவ்வுடல்கள் எரிக்கப்பட்டன. அதன்பின் மரணங்கள் நாளுக்கு நாள் குறைந்தன. பங்குனி முதலாந் திகதியுடன் ஹார்பினில் நோய் ஓய்ந்தது. அதற்குள் மஞ்சூரியா முழுவதிலும் ஏறத்தாழ 60,000 பேர் மாண்டிருந்தனர்.

சித்திரை மாதத்தில் முக்டென் நகரிற் கூடிய அனைத்துலகப் பிளேக் மகாநாட்டில் 11 நாடுகளின் அறிஞர் பங்குபற்றினர். பிளேக் கிருமியைக் கண்டவருள் ஒருவராகிய யப்பானிய அறிஞர் கித்தசாத்தோவும் அங்கிருந்தார். தலைமை தாங்கியவர், பினாங்கிலே உயர்பதவிக்குத் தகுதியற்றவராகக் கருதப்பட்ட அதே வைத்தியர்.

பலர் இவ்விடத்தில் வெற்றிப் பெருமிதத்தோடு இளைப்பாறியிருப்பர். அவரோ, சென்ற நோய் மீளும் என்றே எண்ணினார். 1912 இல் மஞ்சூரியாவிலே பிளேக் தடுப்புச் சேவையை நிறுவி, வைத்தியசாலைகளும் ஆய்வுகூடமும் அமைத்து, நோயில்லாத ஆண்டுகளிலும் விலங்குகளை ஆராய்ந்துவந்தார். 1920 இல் நுரையீரற் பிளேக் மீண்டும் வந்தது. இம்முறை இறந்தோர் ஏறத்தாழ 9,000 பேர். அத்தொகையும் பெரிதே; எனினும் முன்னைய 60,000 உடன் ஒப்பிடின், அமைதியான ஆண்டுகளில் அவர் செய்த ஆயத்தத்தின் பயன் விளங்கும்.

1915 இற் சீன வைத்தியச் சங்கத்தை நிறுவியோருள் அவர் ஒருவர். 1930 முதல் சீனத் துறைமுகங்களின் நோய்த்தடைச் சேவைக்குத் தலைவராயிருந்தார். 1935 இல் நோபல் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது, பரிசு கிடைக்கவில்லை. 1937 இல் யுத்தம் மூண்டபோது மலாயாவுக்கு மீண்டு, ஈப்போ நகரிலே சாதாரண வைத்தியராக ஏழை எளியோர்க்கு மருந்து கொடுத்து வாழ்ந்தார். தமது வரலாற்றை 1959 இல் நூலாக வெளியிட்டு, 1960 ஆம் ஆண்டு தை மாதம் 21 ஆந் திகதி, பிறந்த பினாங்கிலேயே காலமானார்.

பிளேக்கிற்குக் காரணம் பற்றீரியம்; கொவிட் நோய்க்குக் காரணம் வைரசு. இரண்டும் வேறு, இன்று பிளேக்கிற்கு மருந்தும் உண்டு. ஆயினும் அவ்வைத்தியரின் வாழ்வு தரும் பாடம் இரண்டிற்கும் பொதுவானது. அறிவு முழுமை பெறாத வேளையிற் செய்யும் முற்காப்பினை அச்சமென்று இகழ்வர் சிலர். தான் அறியாதது உண்டென்று ஒப்புக்கொள்ளும் பணிவே அது. கற்றவர்க்கே அப்பணிவு அரிதாகின்றது.

எனது மேசை இழுப்பறையில் இன்றும் ஒரு முகக்கவசம் இருக்கின்றது. இருமலோடு வகுப்புக்குச் செல்லும் நாளில் அதனை அணிந்துகொள்கிறேன். ழகரம் சற்றுக் குழறினும் மாணாக்கர் பொறுத்துக்கொள்வர்.