கிராண்டும் முகமூடிக் கூட்டமும்

யூலிசிஸ் கிராண்ட் என்ற பெயரைச் சரித்திரப் பாடத்திற் படித்தோர் அவரை ஒரு போர்வீரராகவே நினைவிற் கொண்டிருப்பர். 1865ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் திகதி அப்பொமற்றொக்ஸ் என்னும் சிற்றூரிலே தென்னாட்டுத் தளபதி றொபட் லீயைச் சரணடையச் செய்தவர் அவர். ஆனால், ஜனாதிபதிப் பதவியிலிருந்து அவர் நடத்திய இன்னொரு போர் உண்டு. களத்தில் எதிர்நின்று பொருதும் படையோடு நடந்த போரன்று அது. இரவிலே முகத்தை மூடி வந்து, குடிசைக் கதவை உடைத்து, வாக்களிக்கத் துணிந்தவனை மனைவி மக்கள் கண்முன்னே அடித்தும் கொன்றும் சென்ற கூட்டத்தோடு நடந்தது.

கிராண்ட் 1822இல் ஒகையோ மாநிலத்திலே தோல் பதனிடும் தொழிலாளர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். வெஸ்ட் பொயின்ற் இராணுவக் கல்லூரியில் 1843இற் பயின்று வெளியேறினார். மெக்சிக்கோ யுத்தத்திற் போரிட்டார். 1854இல் உத்தியோகத்தைத் துறந்தார். பின்னர் வந்தவை வறுமை மிகுந்த ஆண்டுகள். பயிர்ச்செய்கை பொய்த்தது. சென்ற் லூயிஸ் நகர வீதிகளில் விறகு விற்றார். அந்த நாட்களிலே, 1859இல், தம் உடைமையாயிருந்த அடிமை ஒருவரை விற்றுக் காசாக்காமல் விடுதலை செய்தார் என்பதை இவ்விடத்திற் சொல்லாமற் போவது தகாது. 1860இற் தந்தையாரின் தோற் கடையிற் பணிக்கமர்ந்த அம்மனிதர், 1864இல் வடநாட்டுப் படைகள் அனைத்துக்கும் தலைவரானார். 1869இல் ஜனாதிபதியானார்.

அடிமை முறை சட்டத்தால் ஒழிந்தது; அதனைக் காத்து நின்ற மனம் ஒழியவில்லை. தெனசி மாநிலத்துப் புலாஸ்கி என்னும் ஊரிலே, போரிற் தோற்றுத் திரும்பிய சிலர் பொழுதுபோக்காகத் தொடங்கிய கு கிளக்ஸ் கிளான் என்ற சங்கம், விரைவிலேயே தென்னாடெங்கும் பரவிய கொலைக் கூட்டமாயிற்று. கறுப்பின மக்களின் வாக்குரிமையை 1870இல் அரசியலமைப்பின் 15ஆவது திருத்தம் உறுதி செய்தது. அந்த வாக்கை அச்சத்தால் அடக்குவதே அக்கூட்டத்தின் நோக்கம். பள்ளிகளும் தேவாலயங்களும் எரிக்கப்பட்டன. அப்பள்ளிகளிற் கற்பித்த ஆசிரியர்களும் கசையடிக்குத் தப்பவில்லை. உள்ளூர்க் காவல் அதிகாரியும் யூரரும் ஒன்றில் அக்கூட்டத்தவர், அன்றேல் அதற்கு அஞ்சியவர். அத்தகைய ஊரிற் கொலைஞனுக்குத் தண்டனை கிடைப்பது எங்ஙனம்?

கிராண்ட் உடனே வாளை உருவவில்லை. இராணுவ சர்வாதிகாரி என்ற பழி தம்மீது வரும் என்பதை அவர் நன்கறிவார். எனினும் 1871 மார்ச்சிற் காங்கிரசிடம் புதிய அதிகாரம் வேண்டினார்; ஏப்ரல் 20இற் சட்டம் பிறந்தது. குடியுரிமையைப் பறிக்கச் சதி செய்வோரை மத்திய நீதிமன்றங்களில் நிறுத்தவும், படையை ஏவவும், கைதானவனை நீதிபதிமுன் கொணரக் கோரும் ஆட்கொணர்வு உரிமையைத் தற்காலிகமாக நிறுத்தவும் அச்சட்டம் இடமளித்தது. அவருடைய கட்சியினருள்ளேயே சிலர் இதனைக் கொடுங்கோன்மையென எதிர்த்தனர்.

அந்த அச்சம் ஆதாரமற்றதன்று. ஆனால் அதிகாரம் கையாளப்பட்ட முறையை நோக்குக. ஆட்கொணர்வு உரிமை நாடு முழுவதிலும் நிறுத்தப்படவில்லை. 1871 ஒக்டோபரிற் தென் கரோலினாவின் ஒன்பது மாவட்டங்களில் மட்டுமே நிறுத்தப்பட்டது. அதற்கு முன்னரே மேஜர் லூயிஸ் மெரில் என்பார் யோர்க் மாவட்டத்திற் பல மாதங்கள் தங்கி, ஒவ்வொரு கொலைக்கும் கசையடிக்கும் சான்று திரட்டியிருந்தார். நூற்றுக்கணக்கானோர் கைதாயினர், பலர் ஓடி மறைந்தனர், வேறு பலர் தாமாகவே வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டனர். அவர்களை விசாரித்தது இராணுவ மன்றன்று. கொலம்பியா நகரிற் கூடிய மத்திய நீதிமன்றம் யூரர் துணையோடு விசாரித்தது. அந்த யூரருள் கறுப்பினத்தவரே மிகுதி. வழக்குகளை முன்னின்று நடத்தச் செய்த சட்டமா அதிபர் ஏமஸ் அக்கர்மன், போர்க்காலத்திற் தென்னாட்டின் பக்கம் நின்றவர் என்பது வியப்புக்குரியது. 1872இற் கிளான் முறிந்தது. அவ்வாண்டுத் தேர்தல் தென்னாட்டிற் பெரும்பாலும் அமைதியாகவே நடந்தேறியது.

இவ்வளவிற் கதையை நிறுத்தினால் அது புகழ்மாலையாகிவிடும். அக்கர்மன் 1871 முடிவிலேயே பதவி துறக்க நேர்ந்தது. வழக்குகள் மலைபோற் குவிந்தன. நீதிபதிகளும் பணமும் போதவில்லை. 1873இல் அரசு மன்னிப்பு வழங்கத் தொடங்கிற்று. அதே ஆண்டு ஈஸ்ரர் ஞாயிறன்று லூசியானாவின் கொல்பாக்ஸ் என்னுமிடத்திற் கறுப்பினத்தவர் பலர் படுகொலையுண்டனர். சரணடைந்த பின் சுடப்பட்டோரும் அவருள் இருந்தனர். குற்றவாளிகளாகக் காணப்பட்ட சிலரின் தண்டனையையும் 1876இல் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. 14ஆவது திருத்தம் மாநிலங்களையே கட்டுப்படுத்தும், தனி மனிதரை அன்று என்பது அதன் வாதம். சட்டத்தின் முதுகெலும்பை முறித்த தீர்ப்பு என்றே அதனைச் சொல்ல வேண்டும்.

பழி முழுவதையும் நீதிபதிகள்மீது சுமத்துதலும் நேர்மையன்று. 1875இல் மிசிசிப்பி ஆளுநர் அடல்பேட் ஏம்ஸ் படையுதவி கேட்டு மன்றாடினார். இம்முறை கூட்டத்தினர் முகமூடியும் அணியவில்லை. பட்டப்பகலிலே துவக்குகளோடு திரிந்தனர். ஒகையோ மாநிலத் தேர்தல் அண்மித்திருந்த வேளை அது. வடநாட்டு மக்கள் பொருளாதார வீழ்ச்சியால் வாடி, தென்னாட்டுத் தொல்லைகளைக் கேட்கவும் சலித்திருந்தனர். கிராண்ட் படையை அனுப்பவில்லை. 1871இல் வாய்ந்த உறுதி 1875இல் அவரிடம் இல்லை. அதற்கான விலையைச் செலுத்தியவர் அவரல்லர். மிசிசிப்பியின் கறுப்பின வாக்காளரே. 1877இல் அவர் பதவி நீங்கிய சில வாரங்களுள், அடுத்த ஜனாதிபதி எஞ்சிய படைகளையும் பாசறைக்குத் திருப்பினார்.

முதுமையிற் கூட்டு வியாபாரம் ஒன்றில் மோசம் போய்ச் செல்வமெல்லாம் இழந்தார் கிராண்ட். தொண்டையிற் புற்றுநோய் வருத்த, குடும்பத்தின் பிழைப்புக்காகத் தம் நினைவுகளை எழுதத் தொடங்கி, முடித்த சில நாட்களில், 1885 யூலை 23இல் உயிர் நீத்தார். மார்க் ருவெயின் வெளியிட்ட அந்நூல் அவர் மனைவிக்கு ஏறக்குறைய 4,50,000 டொலர் ஈட்டித் தந்தது. அந்நூல் உள்நாட்டுப் போரோடு முடிந்துவிடுகின்றது. முகமூடிக் கூட்டத்தை எதிர்த்த கதையை அவர் எழுதவில்லை. அவர் கையொப்பமிட்ட 1871ஆம் ஆண்டுச் சட்டத்தின் முதற் பிரிவோ இன்றும் வழக்கிலுள்ளது. அதிகாரிகளால் உரிமை பறிக்கப்பட்ட அமெரிக்கக் குடிமக்கள் அதனைக் காட்டியே நீதிமன்றம் செல்கின்றனர்.