மூன்று பேர், இரண்டு சைக்கிள்!

உலகத்தைச் சிரிக்க வைத்த ஜெரோம் கே. ஜெரோமின் கதை

சில புத்தகங்கள் வந்த சுவடு தெரியாமல் மறைந்துவிடும். சில புத்தகங்கள் நூறு ஆண்டுகள் சென்றாலும் மறுபடி மறுபடி அச்சேறும். அப்படி அச்சேறிக்கொண்டே இருக்கும் புத்தகங்களில் ஒன்று, மூன்று நண்பர்கள் சைக்கிளில் ஜெர்மனியைச் சுற்றி வந்த கதை. அது 1900-ம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவந்தது. 125 ஆண்டுகள் ஓடிவிட்டன. இன்னும் அதற்குப் புதுப் பதிப்புகள் வந்த வண்ணம் இருக்கின்றன.

அதை எழுதியவர் பெயர் ஜெரோம் கே. ஜெரோம். முன்னாலும் ஜெரோம், பின்னாலும் ஜெரோம். நடுவில் உள்ள எழுத்து, கிளாப்கா என்ற பெயரின் முதல் எழுத்து.

அவர் எழுதியதைப் படிப்பவர்கள் வயிறு வலிக்கச் சிரிக்கிறார்கள். ஆனால் அவருடைய இளமையில் சிரிப்புக்கு இடமே இருக்கவில்லை.

நொடித்துப்போன குடும்பம்

ஜெரோம் 1859-ம் ஆண்டு மே மாதம் 2-ந் தேதி, இங்கிலாந்தின் நடுப்பகுதியில் உள்ள வால்சால் என்ற ஊரில் பிறந்தார். தகப்பனார் ஓரளவு வசதி உள்ளவர். தேவாலயங்களில் பிரசங்கமும் செய்வார். அவர் நிலக்கரிச் சுரங்கத்தில் பணத்தைப் போட்டார். சுரங்கம் கைவிட்டது. போட்ட பணம் எல்லாம் மண்ணோடு மண்ணாகப் போயிற்று.

குடும்பம் லண்டன் நகரின் கிழக்குப் பகுதியில் உள்ள பாப்ளர் என்ற இடத்துக்குக் குடிபோயிற்று. அது கப்பல் துறைக்குப் பக்கத்தில் ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த இடம். கடன்காரர்கள் வாசலில் வந்து நிற்பதைப் பார்த்துக்கொண்டே சிறுவன் ஜெரோம் வளர்ந்தான். தன் மனத்தில் எப்போதும் ஒரு சோகம் தங்கியிருந்ததற்கு அந்த இடமே காரணம் என்று பிற்காலத்தில் அவர் எழுதினார்.

பையனுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயது ஆகும்போது தகப்பனார் இறந்தார். 14 வயதில் பையன் படிப்பை விட்டுவிட்டு ரெயில்வே கம்பெனியில் வேலைக்குப் போனான். தண்டவாளத்தின் ஓரத்தில் சிந்திக் கிடக்கும் நிலக்கரியைப் பொறுக்குவதுதான் அவனுக்குக் கிடைத்த முதல் வேலை! 1875-ம் ஆண்டில் தாயாரும் கண்ணை மூடினார். பதினாறு வயதில் ஜெரோம் அநாதை ஆனார்.

நாடக மேடையும் நடுத்தெருவும்

ரெயில்வேயில் சில வருடங்கள் தள்ளினார். பிறகு நடிப்பு ஆசை பிடித்துக்கொண்டது. 1877-ம் ஆண்டில் பெயரை மாற்றி வைத்துக்கொண்டு நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். ஊர் ஊராகச் சுற்றினார். ‘ஹாம்லெட்’ நாடகத்தில், கதாநாயகி ஒபீலியாவைத் தவிர மற்ற எல்லா வேஷமும் தான் போட்டிருப்பதாகப் பின்னால் வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டார்.

மூன்று வருடம் நடித்தும் மிச்சம் ஒன்றும் இல்லை. வெறுங்கையோடு லண்டன் திரும்பினார். காசு கொடுத்து ஒரு ராத்திரி படுத்துவிட்டுப் போகும் ஏழைகளின் சத்திரங்களில் படுத்து எழுந்தார். பள்ளிக்கூட வாத்தியார், சாமான் கட்டுபவர், வக்கீல் குமாஸ்தா என்று எத்தனையோ வேலை பார்த்தார். ராத்திரி வேளையில் கதையும் கட்டுரையும் எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்பினார். போன வேகத்தில் அவை திரும்பி வந்தன.

அவர் விடவில்லை. தான் நடிகனாகப் பட்ட பாட்டையே நகைச்சுவையாக எழுதினார். அது 1885-ம் ஆண்டில் புத்தகமாக வந்தது. அடுத்த ஆண்டு, சோம்பேறி ஒருவனின் யோசனைகள் என்ற பாணியில் எழுதிய கட்டுரைத் தொகுதி வெளிவந்து நன்றாக விற்றது. ஓயாமல் உழைத்த மனிதர், சோம்பேறி என்று சொல்லிக்கொண்டு பெயர் வாங்கினார்!

படகில் வந்த புகழ்

1888-ம் ஆண்டில் அவருக்குக் கல்யாணம் நடந்தது. மனைவியின் பெயர் ஜார்ஜினா. புது மணத் தம்பதிகள் தேம்ஸ் நதியில் படகில் உல்லாசப் பயணம் போனார்கள். திரும்பி வந்ததும் ஜெரோம் அந்த நதியைப் பற்றி ஒரு புத்தகம் எழுத உட்கார்ந்தார்.

நதிக்கரை ஊர்களின் சரித்திரத்தை எழுதுவதுதான் அவருடைய எண்ணம். ஆனால் பேனா சரித்திரத்தை விட்டுவிட்டுச் சிரிப்பின் பக்கம் ஓடிற்று. தன்னையும், தன் சிநேகிதர்கள் இரண்டு பேரையும், ஒரு நாயையும் படகில் ஏற்றினார். சிநேகிதர்கள் உண்மையானவர்கள். ஒருவர் பாங்கியில் வேலை பார்த்த ஜார்ஜ் விங்கிரேவ். இன்னொருவர் அச்சுத் தொழில் செய்த கார்ல் ஹென்ஷல். இவருக்குத்தான் கதையில் ஹாரிஸ் என்று பெயர். நாய் மட்டும் கற்பனை.

1889-ம் ஆண்டில் ‘படகில் மூவர்’ வெளிவந்தது. பிரதிகள் பறந்தன. தேம்ஸ் நதியில் படகுச் சவாரி செய்யும் கூட்டம் பெருகிற்று. அமெரிக்காவிலும் ஏராளமாக விற்றது. ஆனால் அதில் ஜெரோமுக்கு ஒரு பென்னிகூடக் கிடைக்கவில்லை. அந்தக் காலத்தில் வெளிநாட்டு எழுத்தாளரின் புத்தகத்துக்கு அமெரிக்கச் சட்டம் பாதுகாப்புக் கொடுக்கவில்லை. யார் வேண்டுமானாலும் அச்சடித்து விற்கலாம்!

படித்த மேதைகளுக்கு அந்தப் புத்தகம் பிடிக்கவில்லை. குமாஸ்தாக்களும் கடைச் சிப்பந்திகளும் பேசுகிற பாஷையில் எழுதுகிறான் என்று திட்டினார்கள். ‘பஞ்ச்’ என்ற பத்திரிகை, பாமரர்கள் உச்சரிப்பது போல அவர் பெயரையே திரித்துக் கேலி செய்தது.

உண்மையில் அந்தப் பாஷைதான் ஜெரோமின் பலம். இங்கிலாந்தில் 1870-ம் ஆண்டில் கல்விச் சட்டம் வந்தது. ஊருக்கு ஊர் பள்ளிக்கூடங்கள் ஏற்பட்டன. ஏழை எளியவர்களின் பிள்ளைகள் லட்சக்கணக்கில் எழுதப் படிக்கக் கற்றார்கள். பகலெல்லாம் உழைத்துவிட்டு வரும் அவர்களுக்குப் புரியும்படி, அவர்கள் சிரிக்கும்படி எழுத ஆள் வேண்டும். நிலக்கரி பொறுக்கிய பையன் அந்த வேலையைச் செய்தான்.

நாடெல்லாம் சைக்கிள்

இதே காலத்தில்தான் சைக்கிளும் ஏழைகளின் கைக்கு வரத் தொடங்கிற்று.

அதற்கு முன்பு இருந்த சைக்கிளுக்கு முன் சக்கரம் ஆள் உயரம். பின் சக்கரம் தட்டு அளவு. மேலே ஏறி உட்காருவதே வித்தை. விழுந்தால் தலைதான் முதலில் தரையைத் தொடும். 1885-ம் ஆண்டில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர், இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவாக, செயின் போட்டுப் பின் சக்கரத்தைச் சுழற்றும் சைக்கிளைச் செய்தார். இன்று நாம் ஓட்டுவது அதன் வாரிசுதான். 1888-ம் ஆண்டில், மாட்டு வைத்தியரான டன்லப் காற்றடித்த டயரைக் கொண்டுவந்தார். எலும்பை உலுக்கிய சவாரி சுகமான சவாரி ஆயிற்று.

1895-ம் ஆண்டு வாக்கில் இங்கிலாந்துக்குச் சைக்கிள் பைத்தியமே பிடித்துவிட்டது. லண்டனில் உள்ள பாட்டர்சீ பூங்காவில் சீமாட்டிகள் சைக்கிள் ஓட்டிப் பழகினார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் குமாஸ்தாவும் தொழிலாளியும் பட்டணத்தை விட்டுக் கிராமத்துச் சாலைகளில் பறந்தார்கள். ரெயில் சார்ஜு இல்லை. குதிரைக்குத் தீனி இல்லை. காலில் பலம் இருந்தால் போதும்!

ஒரு காசு கொடுத்த அடி

ஜெரோமுக்கோ அப்போது சோதனைக் காலம். 1892-ம் ஆண்டு முதல் ஒரு மாதப் பத்திரிகையையும், 1893-ம் ஆண்டு முதல் ஒரு வாரப் பத்திரிகையையும் நடத்தி வந்தார். இரண்டும் நல்ல பெயர் எடுத்திருந்தன. வாரப் பத்திரிகையில் வந்த ஒரு கட்டுரை தன்னை அவமதித்துவிட்டது என்று ஒரு முதலாளி வழக்குப் போட்டார்.

1897-ம் ஆண்டில் தீர்ப்பு ஆயிற்று. நஷ்ட ஈடு எவ்வளவு தெரியுமா? ஒரு பார்த்திங்! அதாவது ஒரு பென்னியில் கால் பங்கு. ஆனால் அவரவர் கோர்ட்டுச் செலவை அவரவரே ஏற்க வேண்டும் என்று ஆகிவிட்டது. ஜெரோமின் தலையில் ஆயிரக்கணக்கான பவுன் செலவு விழுந்தது. அருமையாக வளர்த்த இரண்டு பத்திரிகைகளையும் விட்டுக்கொடுக்க வேண்டி வந்தது.

தகப்பனாரின் சுரங்கம் போல மகனின் பத்திரிகையும் போயிற்று. வேறு ஒருவராக இருந்தால் இடிந்து போயிருப்பார். ஜெரோம் 1898-ம் ஆண்டில் ஜெர்மனிக்குப் போய்ச் சில காலம் தங்கினார். அங்கே பார்த்ததையெல்லாம் மனத்தில் வைத்துக்கொண்டு, சைக்கிள் புத்தகத்தை எழுதினார்.

மனைவியைத் தொலைத்த மனிதர்

படகில் போன அதே மூன்று பேர்தான் இதிலும் வருகிறார்கள். பத்து வருடம் ஆகிவிட்டது. இரண்டு பேருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. குடும்பத்தை விட்டுக் கொஞ்ச நாள் வெளியே போனால் தேவலை என்று நினைக்கிறார்கள். மனைவிமாரிடம் எப்படிச் சொல்வது என்று பயந்து பயந்து திட்டம் போடுகிறார்கள். கடைசியில் பார்த்தால், இவர்கள் கொஞ்ச நாள் வெளியே போனால் தேவலை என்று மனைவிமாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்!

ஒரு சைக்கிளும், இரண்டு பேர் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து மிதிக்கும் இரட்டைச் சைக்கிளும் எடுத்துக்கொண்டு கிளம்புகிறார்கள்.

இரட்டைச் சைக்கிளால் ஹாரிசுக்கு முன்பே ஓர் ஆபத்து வந்திருக்கிறது. ஹாலந்து நாட்டில் மனைவியைப் பின்னால் வைத்துக்கொண்டு போனார். சாலையில் கல் அதிகம். கெட்டியாக உட்கார்ந்துகொள் என்றார். குதித்து இறங்கு என்று சொல்வதாக அந்த அம்மாளுக்குக் காதில் விழுந்தது. இறங்கிவிட்டாள். பின்னால் மனைவி இருப்பதாகவே எண்ணி, அவளோடு பேசிக்கொண்டே ஹாரிஸ் மைல் கணக்கில் மிதித்தார்! திரும்பிப் பார்த்தால் ஆள் இல்லை. தேடி அலைந்தார். அம்மாள் என்ன உடை உடுத்தியிருந்தாள் என்று கேட்டார்கள். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. எந்தப் புருஷனுக்குத்தான் தெரியும்?

இன்னொரு கட்டம் சைக்கிள் வைத்திருப்பவர்கள் எல்லோரும் படிக்க வேண்டியது. ஒரு சிநேகிதர் வருகிறார். சைக்கிளைப் பிடித்து ஆட்டிப் பார்க்கிறார். முன் சக்கரம் ஆடுகிறது என்கிறார். வேண்டாம், வேண்டாம் என்று சொல்வதற்குள் சக்கரத்தைக் கழற்றிவிடுகிறார். உள்ளே இருந்த சிறு குண்டுகள் பாதையெல்லாம் சிதறுகின்றன. அவற்றைப் பொறுக்கித் தொப்பியில் போட்டுவிட்டு, அடுத்தபடி செயினுக்குப் போகிறார். அக்கக்காகப் பிரித்தாகிவிட்டது. திரும்பப் பூட்டத்தான் தெரியவில்லை. அப்புறம் நடப்பது மனிதனுக்கும் சைக்கிளுக்கும் மல்யுத்தம்!

சைக்கிள் விளம்பரப் படங்களையும் ஜெரோம் விடவில்லை. படத்தில் அழகான பெண் மிதிக்காமலே மேகம் போல மிதந்து போகிறாள். நிஜத்தில் மேட்டில் ஏறுகிறவனுக்கு நாக்குத் தள்ளுகிறது. இந்த இரண்டுக்கும் உள்ள தூரத்தைச் சொல்லியே பக்கம் பக்கமாகச் சிரிக்க வைக்கிறார்.

புத்தகத்தின் பெயரில் ‘பும்மல்’ என்ற ஜெர்மன் சொல் இருக்கிறது. இன்ன இடத்துக்கு என்று இல்லாமல் ஆர அமரச் சுற்றிவிட்டு வீடு திரும்புவதுதான் பும்மல். இந்தச் சொல் புரியாது என்று நினைத்தோ என்னவோ, அமெரிக்காவில் ‘சக்கரத்தின் மேல் மூவர்’ என்று பெயரை மாற்றி வெளியிட்டார்கள்.

சிரித்த சாலையில் ரத்தம்

ஜெரோமுக்கு ஜெர்மன் மக்களைப் பிடித்திருந்தது. அவர்களுடைய ஒழுங்கையும் குடும்ப வாழ்க்கையையும் மனமாரப் புகழ்ந்தார். மனைவி, மக்களுடன் டிரஸ்டன் நகரத்தில் குடியிருந்தும் பார்த்தார். போலீஸ்காரர் சொல்வதையெல்லாம் கேட்டு நடக்கும் அவர்களின் பழக்கத்தைக் கேலி செய்தார். நல்லவர்கள் ஆளும் வரையில் அந்தப் பழக்கத்தால் கெடுதல் இல்லை. மற்றபடி என்ன ஆகுமோ என்ற கவலையையும் சிரிப்போடு சிரிப்பாகக் கலந்து வைத்தார். ஜெர்மானியர்கள் கோபித்துக்கொள்ளவில்லை. அந்தப் புத்தகத்தைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பாடமாக வைத்தார்கள்!

1914-ம் ஆண்டில் உலக யுத்தம் மூண்டது. இங்கிலாந்தும் ஜெர்மனியும் எதிரிகள் ஆயின. ஜெரோமுக்கு வயது 55. பட்டாளத்தில் சேரப் போனார். வயது அதிகம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் வீட்டில் உட்காரவில்லை. பிரெஞ்சுப் படையின் ஆம்புலன்ஸ் வண்டிக்கு டிரைவராகப் போனார். குண்டு விழுந்து குழியான சாலைகளில், அடிபட்ட வீரர்களை ஏற்றிக்கொண்டு ராத்திரியில் விளக்கில்லாமல் வண்டி ஓட்டினார்.

அந்தோ! எந்த மக்களோடு சிரித்துப் பழகினாரோ, அந்த மக்களின் பீரங்கிக்கு எதிரிலேயே அவர் நிற்க நேர்ந்தது. யுத்தத்தை வீரக் கதை என்று எண்ணிப் போனவர், அது வெறும் கொலை என்று கண்டு திரும்பினார். பழைய ஜெரோம் திரும்பி வரவில்லை என்று கூட இருந்தவர்கள் வருந்தினார்கள். 1921-ம் ஆண்டில் மகள் எல்சியும் இறந்தாள். எல்சி அவருடைய மனைவியின் முதல் தாரத்து மகள்.

கடைசிப் பயணம்

1926-ம் ஆண்டில் தன் வாழ்க்கை வரலாற்றை எழுதி வெளியிட்டார். 1927-ம் ஆண்டு தொடக்கத்தில், பிறந்த ஊரான வால்சால் அவரை அழைத்து நகரின் கவுரவத்தை அளித்தது. கையில் காசில்லாமல் எந்த ஊரை விட்டுக் குடும்பம் வெளியேறியதோ, அந்த ஊரே எழுந்து நின்று மரியாதை செய்தது.

அதே ஆண்டு ஜூன் மாதம், மோட்டாரில் பயணம் போய்க்கொண்டிருந்தபோது மூளையில் ரத்தக் குழாய் வெடித்துப் பக்கவாதம் தாக்கிற்று. நார்தாம்ப்டன் ஆஸ்பத்திரியில் 14-ந் தேதி உயிர் பிரிந்தது. வயது 68. அவருடைய அஸ்தி, யூவெல்ம் என்ற சிறு கிராமத்துத் தேவாலயத்தில் அடக்கமாயிற்று.

படகுக் கதையின் புகழ் சைக்கிள் கதைக்குக் கிடைக்கவில்லை. படகுக் கதையில் ஒரே நதி தொடர்ந்து ஓடுகிறது; இதில் ஊர் மாறி ஊர் மாறிக் கதை அலைகிறது என்று குறை சொல்வார்கள். அதனால் என்ன? அலைவதுதானே பும்மல்! இப்போது இரண்டு கதைகளையும் ஒரே புத்தகமாகச் சேர்த்தும் பதிப்பிக்கிறார்கள். படகை முடித்தவர்கள் அடுத்த பக்கத்தில் சைக்கிளில் ஏறிக்கொள்ளலாம்.

அவரைக் கேலி செய்த ‘பஞ்ச்’ பத்திரிகை நின்றுபோய்விட்டது. ஜெரோமின் சைக்கிள் ஓடிக்கொண்டிருக்கிறது. அடுத்த முறை உங்கள் வீட்டில் யாராவது ஸ்பானரை எடுத்துக்கொண்டு சைக்கிளைப் பிரிக்க உட்கார்ந்தால், அவருக்கு முதலில் இந்தக் கதையைச் சொல்லுங்கள். கேட்ட பிறகும் பிரித்தால், குண்டுகளைப் போட்டு வைக்க ஒரு கிண்ணமாவது கொடுங்கள்!