முகமூடி மாயாவியைப் படைத்தவர்

குழந்தைகளே! மண்டை ஓட்டு மோதிரம், கறுப்பு முகமூடி, வெள்ளைக் குதிரை, கூடவே ஓர் ஓநாய். இவற்றை உங்கள் அப்பாவிடமோ மாமாவிடமோ சொல்லிப் பாருங்கள். முகம் மலர்ந்து விடும்! மாயாவி என்றும் வேதாளர் என்றும் தமிழில் பெயர் பெற்ற அந்த வீரரைப் படைத்த எழுத்தாளர்தான் லீ ஃபால்க்.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 1911 ஏப்ரல் 28-ல் அவர் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் லியோன் ஹாரிசன் கிராஸ். சிறுவனாக இருந்தபோதே தந்தையை இழந்தார். பின்னர் தாய் மறுமணம் செய்துகொண்டார். தன்னை வளர்த்த புதிய தந்தையின் பெயரில் இருந்த ஃபால்க் என்பதையே தன் பெயரோடு சேர்த்துக் கொண்டார். லீ என்பது சிறு வயதுச் செல்லப்பெயர்.

கல்லூரியில் படிக்கும்போதே ஒரு மந்திரவாதியின் கதையை எழுதி, படமும் வரைந்தார். அவன்தான் மாண்ட்ரேக். அதை எடுத்துக்கொண்டு நியூயார்க் நகருக்குப் போனார். அங்கே பத்திரிகைகளுக்குப் படக்கதைகள் வழங்கும் கிங் ஃபீச்சர்ஸ் நிறுவனம் அதை வாங்கிக் கொண்டது. 1934 ஜூன் 11-ல் மாண்ட்ரேக் தொடர் நாளிதழ்களில் தொடங்கியது. அப்போது அவருக்கு வயது 23. முதல் இரண்டு வாரங்கள் படங்களையும் அவரே வரைந்தார். பிறகு ஃபில் டேவிஸ் என்ற ஓவியர் அந்தப் பொறுப்பை ஏற்றார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பல நாடுகளில் நடக்கும் கதை என்பதால், தான் உலகமெல்லாம் சுற்றி வந்தவர் என்று சொல்லிக் கொண்டார் ஃபால்க். உண்மையில் ஊரைவிட்டு அவர் போன அதிகத் தொலைவே அந்த நியூயார்க் பயணம்தான்! பொய் சொன்னது தவறுதான். ஆனால் அதோடு அவர் நின்றுவிடவில்லை. பிற்காலத்தில் பல நாடுகளுக்கும் பயணம் செய்து, சொன்னதை மெய்யாக்கிக் கொண்டார்.

1936 பிப்ரவரி 17-ல் மாயாவி பிறந்தார். சூப்பர்மேன் வந்தது 1938-ல், பேட்மேன் வந்தது 1939-ல். உடலோடு ஒட்டிய உடை, கண்மணி தெரியாத முகமூடி என்று சாகச வீரர்கள் அணியும் கோலத்துக்கு வழிகாட்டியவர் மாயாவிதான். கண்மணி இல்லாத யோசனை எங்கிருந்து வந்தது தெரியுமா? பழைய கிரேக்கச் சிலைகளைப் பார்த்துத்தான்! உடையின் நிறம் சாம்பல் என்று ஃபால்க் நினைத்திருந்தார். வண்ணத்தில் அச்சானபோது அது ஊதாவாகி விட்டது. இத்தாலியில் சிவப்பு, ஸ்வீடனில் நீலம் என்று ஊருக்கு ஒரு நிறமும் வந்தது.

மாயாவியின் கதை கடலில் தொடங்குகிறது. 1536-ல் ஒரு கப்பலைக் கடற்கொள்ளையர் தாக்குகிறார்கள். கப்பல் தலைவர் கொல்லப்படுகிறார். அவருடைய மகன் மட்டும் அரை உயிரோடு கரை ஒதுங்குகிறான். காட்டில் வாழும் பாண்டர் என்ற குள்ள மனிதர்கள் அவனைக் காப்பாற்றுகிறார்கள். கொள்ளை, பேராசை, கொடுமை, அநீதி ஆகியவற்றை எதிர்த்துப் போராடுவேன், என் வழித்தோன்றல்களும் போராடுவார்கள் என்று அவன் சபதம் எடுக்கிறான்.

இது கற்பனைக் கதைதான். ஆனால் அந்தக் காலத்துக் கடல் அப்படித்தான் இருந்தது. அதே ஆண்டுகளில் நம் தூத்துக்குடி, புன்னைக்காயல் அடங்கிய முத்துக்குளித்துறைக்குப் போர்த்துகீசியக் கப்பல்கள் வந்திருந்தன. முத்துக்கும் வணிகத்துக்கும் கடலிலே போட்டி நடந்தது. 1538-ல் ராமநாதபுரம் பக்கம் வேதாளையில் போர்த்துகீசியருக்கும் மரக்காயர் படைக்கும் பெரும் சண்டையே மூண்டது. அந்த நாளில் கடலில் இறங்கியவர்களுக்குப் புயல் மட்டுமல்ல, மனிதர்களும் ஆபத்துதான்.

மாயாவிக்கு மந்திர சக்தி எதுவும் கிடையாது. பறக்கவும் மாட்டார். அடிபட்டால் வலிக்கும், ஒருநாள் இறந்தும் போவார். அப்படியானால் 400 ஆண்டுகளாக எப்படி வாழ்கிறார்? தந்தை இறந்ததும் மகன் அதே முகமூடியை அணிந்துகொள்கிறான். ஃபால்க் எழுதிய மாயாவி அந்த வரிசையில் 21-வது ஆள். இந்த ரகசியம் தெரியாத மக்கள், அவருக்குச் சாவே இல்லை என்று நம்புகிறார்கள். அவருடைய பலம் முன்னோர் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவதில்தான் இருக்கிறது.

தொடக்க காலக் கதைகளில் குறைகளும் இருந்தன. மாண்ட்ரேக்கின் தோழன் லொதார், ஆப்பிரிக்க இளவரசன், மகா பலசாலி. ஆனால் சரியாகப் பேசத் தெரியாத வேலைக்காரன் போலத்தான் முதலில் காட்டப்பட்டான். கறுப்பின மக்களைத் தாழ்வாகக் காட்டும் பழக்கம் அன்று இருந்தது. 1965-க்குப் பிறகு லொதார் தெளிவாகப் பேசும் சமமான நண்பனாக மாறினான். மாயாவி வாழும் நாட்டுக்கும் மக்கள் தேர்ந்தெடுத்த ஆப்பிரிக்கக் குடியரசுத் தலைவரை ஃபால்க் கொண்டு வந்தார். பழையதைத் திருத்த அவர் தயங்கவில்லை.

நம் நாட்டில் மும்பையிலிருந்து வந்த இந்திரஜால் காமிக்ஸ் 1964-ல் மாயாவி கதையோடுதான் தொடங்கியது. தமிழ்ப் பதிப்பும் வந்தது. 1972-ல் சிவகாசியில் தொடங்கிய முத்து காமிக்ஸ், 1984-ல் தொடங்கிய ராணி காமிக்ஸ் ஆகியவையும் அவரைத் தமிழ் பேச வைத்தன.

நாளிதழில் ஒரு நாளைக்கு மூன்று, நான்கு கட்டங்கள்தான் இடம். அதற்குள் கதை நகர வேண்டும், மறுநாள் வரை ஆவலும் குறையக் கூடாது. இப்படி இரண்டு தொடர்களை 60 ஆண்டுகளுக்கு மேல் எழுதினார் ஃபால்க். இதற்கிடையே நாடக அரங்குகளையும் நடத்தினார். சுமார் 300 நாடகங்களைத் தயாரித்தார், ஏறத்தாழ நூறு நாடகங்களை இயக்கினார்.

கடைசி நாட்களில் மருத்துவமனையில் இருந்தபோதும் அவர் வேலையை விடவில்லை. மூச்சுக்காக வைத்திருந்த ஆக்சிஜன் முகமூடியை விலக்கிவிட்டு, கதையைச் சொல்லி எழுத வைத்தார். 1999 மார்ச் 13-ல், 87-வது வயதில் மறைந்தார்.

அவருக்குப் பிறகு வேறு எழுத்தாளர்கள் மாயாவி கதையைத் தொடர்ந்து எழுதினார்கள். தந்தையின் முகமூடியை மகன் அணிவது போல, பேனாவும் கை மாறியது!

குழந்தைகளே! ஏற்றுக்கொண்ட வேலையை ஒருநாள் செய்வது எளிது. அலுக்காமல் தினமும் செய்வதுதான் அரிது. அப்படிச் செய்பவருக்கு மந்திர சக்தியே தேவையில்லை, இல்லையா?