ஊசி முனையில் கணிதம் கண்ட எலிசபெத் சிம்மர்மன்

அறிவியலை வளர்த்த கருவிகள் எவை என்று கேட்டால் தொலைநோக்கி என்போம், நுண்ணோக்கி என்போம், இன்று கணிப்பொறி என்போம். ஸ்வெட்டர் பின்னும் ஊசியை நம்மில் எவரும் சொல்ல மாட்டோம். அது குளிர்நாட்டுப் பாட்டிமார்களின் பொழுதுபோக்கு என்பதே நம் எண்ணம். அந்த ஊசியிலும் கணக்கு இருக்கிறது, கணக்கு இருக்கும் இடத்தில் சிந்தனைக்கு உரிமை இருக்கிறது என்று உலகுக்கு எடுத்துக்காட்டினார் ஒரு பெண்மணி. அவர்தாம் எலிசபெத் சிம்மர்மன். கணிதம் பயிலும் நான் அவருடைய வாழ்க்கையை என் கல்லூரித் தோழர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

இளமையும் இடப்பெயர்ச்சியும்

1910ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள் எலிசபெத் இங்கிலாந்தில் பிறந்தார். தாயும் உறவுப் பெண்களும் அவருக்கு ஆங்கிலேய முறையில் பின்னக் கற்றுக்கொடுத்தனர். அம்முறையில் நூலை வலக்கையில் பிடிக்க வேண்டும். பின்னர் வீட்டில் பாடம் சொல்ல வந்த சுவிட்சர்லாந்துப் பெண் ஒருவர், நூலை இடக்கையில் பிடிக்கும் வேறொரு முறையைக் காட்டினார். ஒரே வேலைக்கு இரண்டு வழிகள் உண்டு என்பதைச் சிறுவயதிலேயே அவர் விரல்கள் அறிந்துகொண்டன.

வளர்ந்தபின் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலும் ஜெர்மனியின் மூனிக் நகரிலும் ஓவியக்கலை பயின்றார். ஜெர்மனியில் ஹிட்லரின் ஆட்சி ஓங்கிய காலம் அது. அங்கு அவர் மனம் கவர்ந்தவர் ஆர்னால்டு சிம்மர்மன் என்னும் இளைஞர். பீர் வடிக்கும் தொழில் கற்றவர். ஹிட்லரைப் பற்றிப் பேசிய பேச்சால் ஆபத்து வரவே ஆர்னால்டு நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. இருவரும் மணம் புரிந்துகொண்டு 1937இல் அமெரிக்கா சென்றனர். பிற்காலத்தில் விஸ்கான்சின் மாநிலத்தில் பழைய பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்று அவர்களுடைய இல்லமாயிற்று.

மாற்றப்பட்ட குறிப்பு

ஸ்வெட்டர் பின்னுவோர் பெரும்பாலும் அச்சிட்ட குறிப்பைப் பார்த்தே பின்னுவர். இத்தனை கண்ணிகள் ஏற்றுக, இத்தனை வரிசை பின்னுக, இங்கே ஒரு கண்ணி குறைக்க என்று கட்டளை கட்டளையாக அக்குறிப்பு செல்லும். அன்றைய வழக்கப்படி முன்பக்கம், பின்பக்கம், கைகள் ஆகியவற்றைத் தனித்தனித் துண்டுகளாகப் பின்னி, இறுதியில் சேர்த்துத் தைப்பார்கள்.

எலிசபெத்துக்கு இந்த வழக்கம் பிடிக்கவில்லை. மனித உடல் தட்டையானதா? உருளை வடிவான உடலுக்கு உருளையாகவே பின்னினால் என்ன? வட்ட ஊசியில் சுற்றிச் சுற்றிப் பின்னினால் துணியின் நல்ல பக்கம் எப்போதும் கண்ணெதிரே இருக்கும். பல வண்ணக் கோலம் எங்கே தவறுகிறது என்பது அப்போதே தெரிந்துவிடும். தையலும் குறையும். ஸ்காட்லாந்துக்கு வடக்கேயுள்ள ஷெட்லாந்துத் தீவினரும் மீனவர் குடும்பங்களும் நெடுங்காலமாகச் செய்து வந்த முறைதான் இது.

இம்முறையில் வண்ண ஸ்வெட்டர் ஒன்றைப் பின்னி, குறிப்பும் எழுதி ஒரு பத்திரிகைக்கு அனுப்பினார். ஆசிரியர் குழுவினர் வட்டப் பின்னலைத் தட்டைப் பின்னலாக மாற்றி வெளியிட்டுவிட்டனர். படத்தில் இருந்தது அவருடைய ஸ்வெட்டர். எழுத்தில் இருந்த வழி அவருடையது அன்று. தட்டையாகப் பின்னும்போது ஒன்று விட்டு ஒரு வரிசை துணியின் மறுபுறத்திலிருந்து வரும். கோலத்தையும் தலைகீழாகப் படித்தாக வேண்டும். எளிமைக்காகவே அவர் கண்ட வழி, வாசகர் கைக்குப் போய்ச் சேரும்போது கடினமாகிவிட்டது.

வேறொருவராயின் வருந்தியிருப்பார், அல்லது இனி எழுதுவதில்லை என்று விட்டிருப்பார். எலிசபெத் 1958இல் தாமே ஒரு செய்திமடல் தொடங்கினார். தம் குறிப்பைத் தம் சொற்களிலேயே அச்சிட்டுப் பின்னுவோருக்கு அனுப்பினார். நூலும் ஊசியும் புத்தகமும் அஞ்சலில் விற்கும் ‘ஸ்கூல்ஹவுஸ் பிரஸ்’ நிறுவனம் இவ்வாறு உருவானதே. 1960களில் விஸ்கான்சின் பொதுத் தொலைக்காட்சியிலும் தோன்றிப் பின்னல் கற்பித்தார்.

நூற்றுக்கு எத்தனை?

அவருடைய கண்டுபிடிப்புகளில் தலையாயது விழுக்காட்டு முறை. முதலில் சிறு துண்டு ஒன்று பின்னி, ஓர் அங்குலத்தில் எத்தனை கண்ணிகள் வருகின்றன என்று எண்ண வேண்டும். 5 கண்ணிகள் என்று வைத்துக்கொள்வோம். மார்பளவு 40 அங்குலம் என்றால் 40 × 5 = 200 கண்ணிகள். இதுவே நூறு விழுக்காடு. மற்ற அளவுகள் எல்லாம் இதிலிருந்தே பிறக்கும். மணிக்கட்டுக்கு 20 விழுக்காடு, அதாவது 40 கண்ணிகள். மேற்கைக்கு 33 விழுக்காடு, 66. கழுத்துக்கு 40 விழுக்காடு, 80. அக்குளில் 8 விழுக்காடு, 16. நூல் தடித்தாலும் மெலிந்தாலும், அணிபவர் குழந்தையானாலும் பெரியவரானாலும் இந்த ஒரே கணக்குப் போதும். தேவைக்கேற்பச் சற்றே கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

தொடக்க அளவில் சிறு பிழை நேர்ந்தால் என்ன ஆகும்? அங்குலத்துக்கு 5 என்று எண்ணியவர் கையில் உண்மையில் நாலரைக் கண்ணிகளே விழுந்தால், அதே 200 கண்ணிகள் 44 அங்குலத்தையும் தாண்டிவிடும். அரைக் கண்ணிப் பிழை சட்டையையே பாழாக்கும். இதனால்தான் அவர் சோதனைத் துண்டை இத்துணை வலியுறுத்தினார்.

அவருடைய ‘பை’ சால்வை கணித மாணவர்களுக்கு விருந்து. வட்டத்தின் ஆரம் இரு மடங்கானால் சுற்றளவும் இரு மடங்காகும் என்பது நாம் பள்ளியில் படித்ததுதான். எலிசபெத் அதை நூலில் காட்டினார். நடுவில் 9 கண்ணிகளில் தொடங்கி அவற்றை 18 ஆக்கி 3 சுற்று. 36 ஆக்கி 6 சுற்று. 72 ஆக்கி 12 சுற்று. 144 ஆக்கி 24 சுற்று. இப்படியே போனால் சால்வை வட்டமாக விரியும். இடைப்பட்ட சுற்றுகளில் கண்ணிகளைக் கூட்ட வேண்டியதே இல்லை. மனப்பாடம் செய்ய வேண்டிய நூறு வரிகள் ஒரே விதியில் அடங்கிவிட்டன.

1968இல் அவர் அமைத்த குழந்தைச் சட்டையோ இன்னும் வியப்பானது. பின்னி முடிக்கும்போது உருவமற்ற துணித்துண்டாகக் கிடக்கும். மடித்து இரு தோள்களிலும் தைத்தால் சட்டையாகிவிடும்!

இவ்வளவும் செய்தவர், எதையும் தாம் புதிதாகக் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்ளவில்லை. எங்கோ எவரோ ஒரு பாட்டி இதை முன்பே செய்திருப்பார், தாம் அதைத் தோண்டி எடுத்தவர் மட்டுமே என்பது அவர் கருத்து. ‘இன்வென்ட்’ என்ற சொல்லைத் திருப்பி ‘அன்வென்ட்’ என்று ஒரு புதுச்சொல்லே படைத்தார். 1971இல் வெளிவந்த ‘நிட்டிங் வித்தவுட் டியர்ஸ்’ என்னும் நூல் அவர் புகழைப் பரப்பியது. 1999 நவம்பர் 30ஆம் நாள் தம் 89ஆம் வயதில் அவர் மறைந்தபோது ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழ் அவர் வரலாற்றை வெளியிட்டது. மகள் மெக் சுவான்சன் தாயின் பணியைத் தொடர்ந்தார்.

நாம் கொள்ள வேண்டிய பாடம்

பின்னல் குறிப்புகளை அச்சேறுமுன் சரிபார்ப்பதே இன்று தனித்தொழிலாக வளர்ந்துள்ளது. வரிசைதோறும் கண்ணிகளைக் கூட்டிப் பார்த்து, ஒவ்வோர் அளவுக்கும் கணக்கு ஒத்து வருகிறதா என்று நோக்கி, பிழை கண்டால் வடிவமைப்பாளரிடம் சொல்வது அத்திருத்துநர் கடமை. கணக்கைத் திருத்தலாம், கருத்தை மாற்றலாகாது. எலிசபெத்துக்கு நேர்ந்த அனுபவம் கற்பிக்கும் எல்லைக்கோடு இதுவே.

இதை எழுதும்போது எனக்கு என் தாயார் நினைவு வருகிறது. அவர் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். திருப்பூர்ப் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலை பார்ப்பவர். ஒருமுறை வந்த அளவுத்தாளில் ‘எல்’ சைஸின் கையகலம் ‘எம்’ சைஸைவிடக் குறைவாக இருந்தது. தாளைப் படித்தவர்கள் எவரும் காணவில்லை. துணியைக் கையில் எடுத்த என் தாயார் கண்டார், எடுத்துச் சொன்னார். முதலில் எவரும் செவிசாய்க்கவில்லை. மாலையில் தாள் திருத்தப்பட்டது. யார் சொல்லித் திருத்தியது என்று அதில் எழுதவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். ஆயினும் எங்கள் வீட்டின் முதல் கணக்காசிரியர் அவர்தாம் என்று இன்று உணர்கிறேன்.

எலிசபெத் தம் கையறிவைத் தம் பெயரிலேயே அச்சேற்றினார். அதைத் தோண்டித் தந்த பெயரறியாப் பாட்டிமார்களையும் மறவாமல் நினைத்தார். எழுத்தறிவு பெற்றுவிட்ட நமக்கு அதுவே கடமையாகட்டும். நம் பெற்றோர் கைகளில் உள்ள கணக்கைக் கேட்டறிவோம்; பிழையின்றி எழுதிவைப்போம்; அவர்கள் பெயரையும் உடன் எழுதுவோம்!

— இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., கணிதம்