கரும்பை ஆராய்ந்த ஜானகி அம்மாள்

எங்கப்பா கரும்பு வெட்டுபவர். அந்தக் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்த அம்மையாரைப் பற்றி நான் நூலகத்தில்தான் அறிந்தேன்.

ஜானகி அம்மாள் 1897இல் தலச்சேரியில் பிறந்தார். சென்னையில் படித்து, 1931இல் அமெரிக்காவின் மிச்சிகனில் டாக்டர் பட்டம் பெற்றார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1930களில் கோயம்புத்தூரில் கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலப்பினம் செய்தார். வெவ்வேறு இனம் கலந்தால் குரோமோசோம்கள் சரியாக ஜோடி சேராது. செடி பெரும்பாலும் மலடாகிவிடும். எண்ணிக்கை இரட்டித்தால் ஜோடி கிடைக்கும், விதையும் பிடிக்கலாம். பயிர்களின் குரோமோசோம் எண்ணிக்கைகளை 1945இல் டார்லிங்டனோடு சேர்ந்து நூலாக்கினார். 1977இல் பத்மஸ்ரீ பெற்றார், 1984இல் மறைந்தார்.

வீட்டில் எனக்கு மாப்பிள்ளை பார்க்கிறாங்க. இந்தக் கதையை அப்பாவிடம் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, டிப்ளமோ முடியட்டும்னு சொல்லிட்டார்.